'காலியா இருக்கா?': மண்டபத்துக்கும் வாடகைச் சாமானுக்கும் முன்பதிவுச் சோதனை அமைக்க முழுமையான வழிகாட்டி

"அண்ணாச்சி, ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு மண்டபம் சும்மா கெடக்கா?"

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுண் என்று எந்தப் பக்கத்து மண்டப ஆபீசில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். மேனேஜர் நீள நோட்டைப் புரட்டுவார். அந்தத் தேதிக்கு எதிரே பெயர் இல்லையென்றால், "இருக்கு, அட்வான்ஸ் போட்டுருங்க" என்பார். அதை நம்பித்தான் பத்திரிகை அச்சுக்குப் போகும். சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் தாம்பூலம் போகும். துபாயில் இருக்கிற தாய்மாமன் லீவு எழுதிக் கொடுப்பார். அந்த நோட்டு இருந்த இடத்தில் மென்பொருளை வைக்கிறோம் என்றால், அது 'இருக்கு' என்று சொல்வதும் மேனேஜர் வாய்ச்சொல் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும்.

மண்டபம், கல்லூரி செமினார் ஹால், ஆய்வகக் கருவி, வாடகைப் பாத்திரக் கடை, சவுண்ட் சர்வீஸ் ஆகியவற்றுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். திரையில் பச்சை நிறத்தில் 'காலி' என்று காட்டுவது தகவல் மட்டும்தான். டேட்டாபேசில் (தகவலைச் சேமிக்கும் தரவுத்தளத்தில்) வரி எழுதும் அந்த நொடியில் நடக்கும் சோதனைதான் வாக்கு. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நொடியைப் பத்திரப்படுத்தத்தான்.

படி 1: எதை வாடகைக்கு விடுகிறோம்?

வாடகைக்குப் போகும் பொருட்கள் மூன்று தினுசு. முதலாவது, ஒன்றே ஒன்று இருப்பது: மண்டபம், செமினார் ஹால், ஆய்வகத்து மைக்ராஸ்கோப். இரண்டாவது, எண்ணிக்கையில் போவது: நாற்காலி, பந்தி டேபிள், எவர்சில்வர் டம்ளர். எந்த நாற்காலி என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை என்றுதான் கேட்பார்கள். மூன்றாவது, அடையாளத்தோடு போவது: ஜெனரேட்டர், புரொஜெக்டர் மாதிரி. ஒரே ரகத்தில் மூன்று இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சீரியல் நம்பரும் சர்வீஸ் கணக்கும் தனித்தனி. மூன்றுக்கும் சோதனை முறை வேறு என்பதால், எந்தப் பொருள் எந்தத் தினுசு என்பதை டேட்டாபேஸ் டேபிளிலேயே (அட்டவணையிலேயே) குறித்துவிடுங்கள்.

மண்டபத்தை ஒரே பொருளாகப் பதிவு செய்யாதீர்கள். மெயின் ஹால், சாப்பாட்டு ஹால், சமையல்கூடம், மணமகன் அறை, மணமகள் அறை என்று பிரித்து வையுங்கள். கல்யாணத்துக்கு மொத்தமும் வேண்டும். வளைகாப்புக்குச் சாப்பாட்டு ஹாலும் சமையல்கூடமும் போதும். 'முழு மண்டபம்' என்று தனிப் பொருள் ஒன்றை உருவாக்கி, அது போனால் இதெல்லாம் போச்சு, இதில் ஒன்று போனாலும் அது போச்சு என்று இரண்டு பக்கமும் விதி எழுதுவது பலருக்கும் வழக்கம். இரண்டில் ஒரு பக்கத்தை என்றைக்காவது ஒருவர் எழுத மறந்துவிடுவார். 'முழு மண்டபம்' என்பதை வெறும் பேக்கேஜாக வைத்து, புக்கிங் விழும்போது ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி எழுதிவிட்டால் அந்த விதியே தேவைப்படாது. மேலே ஒரு விழா, கீழே ஒரு விழா என்று இரண்டு பேர் கேட்டாலும், சமையல்கூடம் ஒன்றுதான் என்ற உண்மை தானாகவே மேலே வந்துவிடும்.

ஒரு பொருளை இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை பிடித்து வைக்கும் ஒவ்வொரு வரியையும் இனி 'அடைப்பு' என்று சொல்கிறேன். உறுதியான புக்கிங், பணம் வரும்வரை பிடித்து வைத்தது, பெயின்ட் அடிக்க மூடியது, சர்வீசுக்குப் போன ஜெனரேட்டர் எல்லாமே ஒரே டேபிளில் அடைப்புகளாக இருக்கட்டும். பழுதுக்கு ஒரு டேபிள், புக்கிங்குக்கு ஒரு டேபிள் என்று பிரித்தால், நாளை எழுதப்படும் ஏதோ ஒரு ரிப்போர்ட் இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் போகும்.

படி 2: தேதியை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள்

நம் பக்கத்துக் கல்யாண வாடகை காலண்டர் நாளுக்குள் அடங்காது. முந்தின நாள் பிற்பகல் 3 மணிக்குச் சாவி கொடுத்து, முகூர்த்தத்தன்று பிற்பகல் 3 மணிக்குத் திரும்ப வாங்குகிற மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (கூட்டிக் கழுவும் நேரமும் இதற்குள்ளேயே அடக்கம்.) ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் சனி 3 முதல் ஞாயிறு 3 வரை. அடுத்து திங்கள் முகூர்த்தம் என்றால் ஞாயிறு 3 முதல் திங்கள் 3 வரை. தேதியை மட்டும் வைத்துப் பார்க்கும் மென்பொருள் இரண்டுக்கும் ஞாயிறு பொது என்று கண்டு, இரண்டாவது குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் வைகாசியில் இப்படி ஒரு நாள் போனால் அது மண்டபத்துக்காரருக்கு நேரடி நஷ்டம்.

ஆகவே ஒவ்வொரு அடைப்புக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் வையுங்கள். தொடக்கம் உள்ளே சேரும், முடிவு சேராது என்ற விதியை மென்பொருள் முழுக்க ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள். ஞாயிறு 3 மணிக்கு முடிகிறதும் அதே 3 மணிக்குத் தொடங்குகிறதும் அப்போது மோதாது. முடிவை '2:59' என்று எழுதித் தப்பிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். வாடகைக் கணக்கில் 23 மணி 59 நிமிடம் என்று வந்து நிற்கும்.

இரண்டு நேரத்துண்டுகள் எப்படியெல்லாம் ஒன்றையொன்று தொடலாம் என்று கணினி அறிவியலாளர் ஜேம்ஸ் ஆலன் 1983இல் வகைப்படுத்தினார். மொத்தம் 13 உறவுகள். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்குவது, முன்பாதி மோதுவது, பின்பாதி மோதுவது என்று ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை எழுதத் தொடங்கினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மோதல் உண்டா இல்லையா என்பதற்கு ஒரே வரி போதும்:

பழையதன் தொடக்கம் < புதியதன் முடிவு, மேலும் புதியதன் தொடக்கம் < பழையதன் முடிவு.

இரண்டும் உண்மையென்றால் மோதல். சமக்குறி எங்கும் கிடையாது. இந்த வரியை நிரலின் ஒரே ஒரு ஃபங்ஷனில் (பெயரிட்ட துண்டில்) வைத்து எல்லா இடத்திலிருந்தும் அதையே கூப்பிடுங்கள்.

நேர மண்டலத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தியா முழுக்க ஒரே நேரம், கோடை நேரம் என்று கடிகாரத்தைத் திருப்புவதும் இல்லை. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் மண்டபம் பார்ப்பவர்களில் பலருக்கு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு சொந்தம் உண்டு, பணம் கட்டுவதும் பல சமயம் அவர்தான். துபாயில் இரவு 10:30 என்றால் இங்கே நள்ளிரவு 12, அடுத்த தேதி பிறந்துவிட்டது. அவருடைய செல்போன் நேரத்தில் காலண்டரைக் காட்டினால் தேதி ஒன்று பின்னால் போய்விடும். யார், எங்கிருந்து பார்த்தாலும் மண்டபம் இருக்கும் ஊரின் நேரத்திலேயே காட்டுங்கள். பக்கத்தில் 'இந்திய நேரம்' என்று ஒரு சிறு வரி போடுங்கள்.

படி 3: விழா நேரம் வேறு, அடைப்பு நேரம் வேறு

பந்தி முடிந்ததும் கூட்டிக் கழுவ வேண்டும், மாலை தோரணத்தைக் கழற்ற வேண்டும். பாத்திரக் கடையில் இது இன்னும் பெரிய வேலை. அண்டா, உருளி, தவலை எல்லாம் கரியோடு திரும்பி வரும். தேய்த்துக் கழுவி, எண்ணிப் பார்த்து, பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போயிருந்தால் பூசக் கொடுத்து, அப்புறம்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்ப முடியும்.

இதற்கு ஒவ்வொரு அடைப்பிலும் இரண்டு ஜோடி நேரம் வையுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டும் நேரம் ஒன்று, முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து மோதல் பார்க்கும் நேரம் மற்றொன்று. இடைவெளியைச் சோதனை ஓடும்போது கணக்கிட்டுச் சேர்க்கக் கூடாது, புக்கிங் விழும்போதே எழுதிவிட வேண்டும். இன்றைக்கு 2 மணி என்றிருக்கும் இடைவெளியை அடுத்த மாதம் 4 மணியாக்கினால், ஏற்கெனவே உறுதி சொன்ன புக்கிங்குகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கும். கொடுத்த வாக்கு கொடுத்தபடியே இருக்கட்டும், புது விதி புது புக்கிங்குக்கு.

முன்னால் 2 மணி, பின்னால் 2 மணி என்று இரண்டு பக்கமும் போட்டால், இரண்டு விழாவுக்கு நடுவே 4 மணி நேரம் வீணாகும். கழுவுவது ஒருமுறைதானே? மண்டபத்துக்குப் பின்பக்க இடைவெளி மட்டும் போதும். பாத்திரத்துக்கு இடைவெளி தூரத்தையும் பொறுத்தது. டவுணிலிருந்து பக்கத்துப் பேட்டைக்குப் போகிற வண்டியும் தொலைவிலுள்ள திசையன்விளைக்குப் போகிற வண்டியும் ஒரே நேரத்தில் திரும்பாது. ஊரை வைத்து இடைவெளியை மாற்றும் ஒரு சின்ன டேபிள் இருந்தால் கடைக்காரர் உங்களை வாழ்த்துவார்.

படி 4: எண்ணிக்கையில் போகும் பொருள்

முன்பதிவு மென்பொருட்களில் அதிகம் பிசகுகிற இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கடையில் 500 நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைக்கு மேலப்பாளையத்தில் ஒரு காதுகுத்து: 250 நாற்காலி, காலை 6 முதல் 12 வரை. பெருமாள்புரத்தில் ஒரு சடங்கு வீடு: 300 நாற்காலி, மாலை 4 முதல் இரவு 10 வரை. (போக, வர, துடைக்க எல்லாம் சேர்த்த அடைப்பு நேரம் இது.) இப்போது ஒருவர் காலை 6 முதல் இரவு 10 வரைக்கும் 200 நாற்காலி கேட்கிறார். கொடுக்க முடியுமா?

மோதுகிற அடைப்புகளைத் தேடி அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டினால் 550 வரும். இருப்பே 500தான், முடியாது என்று மென்பொருள் சொல்லிவிடும். ஆனால் காலையில் போன 250 மதியமே திரும்பிவிடுகிறது. எந்த நிமிடத்தை எடுத்தாலும் வெளியே இருப்பது அதிகபட்சம் 300தான். கையில் 200 இருக்கிறது, கேட்பதும் 200. தாராளமாகக் கொடுக்கலாம். கூட்டிப் பார்க்கும் முறையில் இரட்டைப் புக்கிங் ஒருநாளும் விழாது, அதனால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படுவதில்லை. கடைக்காரர் மட்டும் அடுக்கி வைத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்.

சரியான கேள்வி: கேட்கும் நேரத்துக்குள், ஒரே கணத்தில் வெளியே இருக்கும் எண்ணிக்கையின் உச்சம் எவ்வளவு? மோதுகிற அடைப்பு ஒவ்வொன்றையும் இரண்டு நிகழ்வாக உடையுங்கள். தொடக்கத்தில் கூட்டல், முடிவில் கழித்தல். நேர வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள், வழியில் கண்ட பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் கூட்டலும் கழித்தலும் வந்தால் கழித்தலை முதலில் செய்யுங்கள். முடிவு நேரம் சேராது என்று படி 2இல் வைத்த விதி இங்கேயும் பொருந்தியாக வேண்டும். கேட்கும் நேரத்துக்கு முன்பே தொடங்கி உள்ளே நீளும் அடைப்புகளைத் தொடக்கக் கையிருப்பிலேயே கழித்துவிட மறக்காதீர்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் இன்னொரு அடைப்பைச் சேருங்கள்: 50 நாற்காலி, காலை 11 முதல் மாலை 5 வரை. இப்போது 11 முதல் 12 வரை வெளியே 300, 12 முதல் 4 வரை வெறும் 50, 4 முதல் 5 வரை 350, அப்புறம் மறுபடி 300. உச்சம் 350 என்பதால் 200 கொடுக்க முடியாது, 150தான் முடியும். இந்த முறையில் 'முடியாது' என்பதோடு காரணமும் சேர்ந்தே கிடைக்கிறது: மாலை 4 முதல் 5 வரை 50 நாற்காலி குறைகிறது. கடைக்காரர் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்துக் கடையில் 50 வாங்கிச் சமாளிப்பாரா, வாடிக்கையாளரிடம் 150 போதுமா என்று கேட்பாரா என்பது அவர் பாடு. அதற்கு வேண்டிய எண்ணை அவர் கண்முன் வைப்பது நம் வேலை.

இருப்பும் நிலையாக நிற்காது. கால் உடைந்த நாற்காலி, திரும்பாத டம்ளர், ஆடிக்குப் பிறகு வாங்கப்போகும் புதுச் செட்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். 'மொத்தம் 500' என்று ஒரே எண்ணை வைத்து அதைத் திருத்திக்கொண்டிருந்தால், போன மாதக் கணக்கும் அடுத்த மாத வாக்கும் சேர்ந்தே கலங்கும். எந்தத் தேதியிலிருந்து எத்தனை கூடியது, குறைந்தது என்று வரி வரியாக எழுதுங்கள்.

அடையாளத்தோடு போகும் பொருளுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு ஜெனரேட்டர். முதல் புக்கிங் 1, 2 தேதிகளுக்கு, அதை முதல் ஜெனரேட்டரில் போட்டாயிற்று. அடுத்த புக்கிங் 3, 4 தேதிகளுக்கு, அதைப் போகிற போக்கில் இரண்டாவதில் போட்டாயிற்று. இப்போது 1 முதல் 4 வரை ஒரு ஜெனரேட்டர் கேட்கிறார்கள். முதலாவது 1, 2இல் அடைப்பு. இரண்டாவது 3, 4இல் அடைப்பு. நான்கு நாளும் தினம் ஒன்று சும்மா நிற்கிறது, ஆனாலும் கொடுக்க வழியில்லை என்று வருகிறது. 3, 4ஐ முதல் ஜெனரேட்டருக்கு மாற்றியிருந்தால் இரண்டாவது நான்கு நாளும் காலியாக இருந்திருக்கும். புக்கிங் விழும்போது 'ஒரு ஜெனரேட்டர்' என்று எண்ணிக்கையாக மட்டும் பிடித்து, எது போகிறது என்பதை வண்டியில் ஏற்றும் நாளில் முடிவு செய்யுங்கள். எந்தக் கணத்திலும் உச்சம் இருப்பைத் தாண்டாதவரை, தொடக்க நேர வரிசையில் ஒவ்வொன்றுக்கும் அப்போது காலியாக இருப்பதைக் கொடுத்துக்கொண்டே போனால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். இது கணக்காகவே நிரூபிக்கப்பட்ட விஷயம். 'எனக்குப் போன தடவை வந்த அதே மெஷின்தான் வேணும்' என்கிறவருக்கு மட்டும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். அப்படிக் குறித்தவை கூடக் கூட மேற்சொன்ன உறுதி தளரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 5: இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால்

முகூர்த்தத் தேதிகள் வெளிவந்ததும் ஒரே நாளுக்குப் பலர் பாய்வார்கள். ஒருவர் ஆபீசில் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் செல்போனில் பணம் கட்டுகிறார். இரண்டு பேருக்கும் மென்பொருள் 'காலியா?' என்று பார்க்கிறது. இரண்டுக்கும் 'ஆமாம்' வருகிறது. இரண்டு பேருக்கும் வரி எழுதப்படுகிறது. முதலில் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுவது என்று நிரல் எழுதினால், நடுவே இருக்கும் அந்தச் சில மில்லி நொடியில் இது என்றைக்காவது நடந்தே தீரும். சோதனையைச் செயலியின் நிரலில் எத்தனை கவனமாக எழுதினாலும் இது தீராது. காவலை டேட்டாபேசில் வைக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வழி எளிது. 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒன்றோடொன்று மோதும் வரிகளை உள்ளே விடாத கட்டுப்பாடு) இருக்கிறது. 2012இல் வந்த 9.2இலிருந்து தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைக்கும் ரேஞ்ச் வகைகளும் உண்டு. அடைப்பு நேரத்தை ஒரு ரேஞ்சாக வைத்து, 'பொருள் எண் சமம், ரேஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்ற இரண்டும் சேர்ந்து வரும் இரண்டு வரிகள் இருக்கக் கூடாது' என்று சொல்லிவிடலாம். பொருள் எண்ணையும் ரேஞ்சையும் ஒரே இண்டெக்ஸில் (தேடல் அட்டவணையில்) சேர்க்க பி-ட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை இயக்க வேண்டும். கேன்சல் ஆனவை தடுக்காதபடி, நடப்பில் உள்ள நிலைகளுக்கு மட்டும் என்று நிபந்தனை சேருங்கள். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில், ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்பதை, ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் பிரைமரி கீயிலும் யூனிக்கிலும் நேரடியாகவே எழுதலாம். இதன் பிறகு யார் எந்த வழியாக எழுத வந்தாலும் இரண்டாவது வரி உள்ளே போகாது. அந்தப் பிழையைப் பிடித்து, 'இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்' என்று மரியாதையாகச் சொல்வது உங்கள் பொறுப்பு.

எண்ணிக்கைப் பொருளுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் அங்கே மோதல் அனுமதிக்கப்பட்டது, உச்சம்தான் வரம்பு. அதற்கு அந்தப் பொருளின் வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டுப் பூட்டுங்கள். பூட்டு கைக்கு வந்த பிறகு உச்சத்தைக் கணக்கிடுங்கள், இடமிருந்தால் எழுதுங்கள், கமிட் செய்து நிலைப்படுத்துங்கள். நாற்காலிக்காகக் காத்திருப்பவர் நாற்காலி வரியில் மட்டுமே காத்திருப்பார். பாத்திரக் கடையின் வேகத்துக்கு இது மிகத் தாராளம்.

மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு டேட்டாபேசில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் கிடையாது. மண்டபத்துக்கும் இதே பூட்டு முறைதான். அங்கே ஒரு பள்ளம் உண்டு. அதன் வழக்கமான 'ரிபீட்டபிள் ரீட்' நிலையில், டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத வேலைத் தொகுதிக்குள்) முதல் சாதாரண செலக்ட் (படிக்கும் கட்டளை) ஓடும்போது டேட்டாபேசின் அப்போதைய நிலையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு வரும் சாதாரண செலக்டுகள் அந்தப் பழைய படத்தையே பார்க்கும். பூட்டு போடும் முன் எதற்காகவோ ஒரு செலக்ட் ஓட்டிவிட்டால், பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் அடுத்தவர் எழுதிய வரி உங்கள் கண்ணுக்குப் படாது. டிரான்ஸாக்ஷனின் முதல் வேலையே பூட்டாக இருக்கட்டும்.

ஒரு கல்யாணத்துக்கு மெயின் ஹால், சமையல்கூடம், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து வரும். ஒருவர் ஹாலைப் பூட்டிவிட்டு நாற்காலிக்கும், மற்றவர் நாற்காலியைப் பூட்டிவிட்டு ஹாலுக்கும் காத்திருந்தால் டெட்லாக், இரண்டும் நகராமல் நிற்கும். எப்போதும் பொருள் எண்ணின் ஏறுவரிசையில் பூட்டினால் இது வராது. எல்லாம் ஒரே டிரான்ஸாக்ஷனில் எழுதப்பட வேண்டும். ஹால் கிடைத்து சமையல்கூடம் கிடைக்காத கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

படி 6: பிடித்து வைத்தல்

"வீட்ல பெரியவங்க கிட்ட கேட்டுட்டு சாயங்காலம் சொல்லுதேன், அதுவரைக்கும் யாருக்கும் கொடுத்துராதீய" என்பது நம் ஊர் நடைமுறை. ஆன்லைனில் பணம் கட்டும்போது பத்து நிமிடம் பிடித்து வைப்பதும், மேனேஜர் பெரிய மனதோடு ஒரு நாள் பிடித்து வைப்பதும் ஒரே வகை அடைப்புதான், காலாவதி நேரம் மட்டும் வேறு. மேனேஜர் கையால் பிடித்து வைத்ததற்கும் காலாவதி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் சொல்கிறேன் என்று போனவருக்காக வைகாசி முகூர்த்தம் ஒன்று மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.

காலாவதியானவற்றைப் குறித்த நேரத்தில் தானாகப் பின்னணியில் ஓடும் கிரான் வேலை துடைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அது ஒருநாள் நின்றுபோனால் இருக்கிற இடமெல்லாம் அடைப்பாகத் தெரியும். சோதனை ஓடும்போதே காலாவதி நேரத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்டின் நிபந்தனைக்குள் 'இப்போதைய நேரம்' என்று எழுத போஸ்ட்கிரெஸ் அனுமதிக்காது, மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பை இண்டெக்ஸில் வைக்க முடியாது என்பதால். அதனால் புது அடைப்பை எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில், முதலில் அந்தப் பொருளின் காலாவதியான பிடிப்புகளின் நிலையை மாற்றிவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.

பணம் தாமதமாக வருவதும் உண்டு. யூபிஐ சுற்றிக்கொண்டே நின்று, பிடிப்பு காலாவதியான பிறகு 'வெற்றி' என்று செய்தி வரும். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'உறுதி' என்று எழுதக் கூடாது. அதே நேரத்துக்குப் புதிதாக அடைப்பு போட முயலுங்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்றால் பணத்தை உடனே திருப்பிவிட்டு மேனேஜருக்கும் தகவல் கொடுங்கள். பொறுமையில்லாமல் பட்டனை இரண்டு தடவை அழுத்துகிறவருக்கு இரண்டு புக்கிங் விழாமலிருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் செல்போன் பக்கமே ஒரு தனி எண் உருவாக்கி அனுப்பி, டேபிளில் அதற்கு யூனிக் போடுங்கள்.

படி 7: 'முடியாது' வேறு, 'கூடாது' வேறு

மண்டபத்தில் ஏற்கெனவே ஆள் இருப்பது முடியாமை. 'மூன்று மாதத்துக்கு மேல் முன்கூட்டி எடுக்க மாட்டோம்', 'மாணவர்கள் துறைத்தலைவர் அனுமதியில்லாமல் செமினார் ஹால் எடுக்கக் கூடாது' என்பவை விதி. விதியை மேனேஜர் தளர்த்தலாம், முடியாமையை யாராலும் தளர்த்த முடியாது. இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் கலந்து ஒரே 'இல்லை'யாகத் திருப்பினால், விதியைத் தளர்த்தும் அதிகாரத்தை மேனேஜருக்குக் கொடுக்கும் அன்றைக்கே இரட்டைப் புக்கிங்குக்கும் வாசல் திறந்துவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதற்காக அந்த மாதங்களை மூடி வைக்காதீர்கள். ஆடித் தள்ளுபடித் துணி விற்பனைக்கும் கூட்டங்களுக்கும் அப்போதுதான் மண்டபம் கிடைக்கும். முகூர்த்த நாள் என்ற தகவல் வாடகைக்கும் காலண்டர் நிறத்துக்கும் போகட்டும், இருப்புச் சோதனைக்குள் வர வேண்டாம். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளுக்குள் பாத்திர வண்டி நுழைய முடியாது. அது விநியோக விதி, பாத்திரம் கடையில் இருக்கத்தான் செய்கிறது.

திடீர் மூடலுக்கு மட்டும் தனி வழி வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதிக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த மாதிரி நாளில் மண்டபத்தை உடனே மூட வேண்டியிருக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே புக்கிங் இருப்பதால், மூடல் அடைப்பை எழுத விடாமல் நீங்கள் போட்ட கன்ஸ்ட்ரெயின்டே தடுக்கும். இதற்கு ஒரே டிரான்ஸாக்ஷனில் மோதுகிற புக்கிங்குகளை 'பாதிக்கப்பட்டவை' என்ற நிலைக்கு மாற்றி, மூடலை எழுதி, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலை மேனேஜர் திரையில் போடுங்கள். அவர்களில் யாரையும் மென்பொருள் தானாகக் கேன்சல் செய்யக் கூடாது. அந்தப் போனை ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும்.

படி 8: திருத்தம், தொடர் புக்கிங், திரும்பாத சாமான்

புக்கிங்கைத் திருத்தும்போது அது தன்னோடு தானே மோதுவதாகக் காட்டக் கூடாது, சோதனையில் அதன் சொந்த எண்ணை விலக்குங்கள். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். அதே வரியை மாற்றுங்கள், மாற்றம் தோற்றால் பழைய இடமாவது பத்திரமாக இருக்கும்.

வாரம் ஒருநாள் பரதநாட்டிய வகுப்பு, செமஸ்டர் முழுக்க ஒரு லேப் என்பவற்றுக்கு விதியை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையின்போது விரிப்பது பெருந்தொல்லை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற காலண்டர் தரநிலையின் தொடர் விதி வடிவத்தில் விதியைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு நாளையும் தனி அடைப்பாக விரித்தே எழுதுங்கள். நடுவில் இரண்டு நாள் மோதினால் மொத்தத்தையும் மறுக்காமல், அந்த இரண்டு நாளைக் காட்டி, மற்றவற்றை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

திரும்பாத சாமான் பாத்திரக் கடையின் அன்றாடக் கவலை. 12 அண்டா போய் 10 திரும்பினால், 10க்கு அடைப்பை முடித்துவிட்டு 2க்கு நீட்டிக்க வேண்டும். முடிவு நேரம் தாண்டியும் திரும்பாதது 'இப்போது வரை வெளியே' என்று தானாக நீள வேண்டும். அதனால் அடுத்த புக்கிங் எது அடிபடும் என்பதை முந்தின நாள் காலையிலேயே கடைக்காரருக்குக் காட்டினால், ஆளனுப்பி வாங்கிவர அவருக்கு நேரம் இருக்கும்.

போனில் வரும் புக்கிங்கும் இதே டேபிளில், இதே சோதனை வழியாகத்தான் நுழைய வேண்டும். நோட்டில் எழுதி ராத்திரி ஏற்றலாம் என்ற பழக்கம் தொடர்கிறவரை மேலே சொன்ன எதுவும் உதவாது. நெட் இல்லாத நேரத்தில் 'விண்ணப்பம்' என்று மட்டும் வாங்குங்கள், 'உறுதி' என்று சொல்லாதீர்கள். மேனேஜருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்கு ஒரு மதிய நேரத்தை ஒதுக்கலாம், அவ்வளவு முக்கியம்.

படி 9: சோதித்துப் பாருங்கள்

எல்லைகளை முதலில் பாருங்கள். ஒன்று முடியும் நிமிடத்தில் மற்றொன்று தொடங்குவது, ஒரு நிமிடம் மோதுவது, ஒன்று மற்றொன்றை முழுக்க விழுங்குவது, நள்ளிரவைத் தாண்டுவது.

எண்ணிக்கைச் சோதனைக்கு ஒரு முரட்டுக் கணக்கை எழுதுங்கள்: கேட்கும் நேரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் வெளியே எத்தனை இருக்கிறது என்று தனித்தனியாக எண்ணுவது. மெதுவாக ஓடும், ஆனால் அதில் தப்பு விட இடமில்லை. ஆயிரக்கணக்கில் எழுந்தமானமாக அடைப்புகளை உருவாக்கி, இதன் விடையும் உங்கள் வேகமான கணக்கின் விடையும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் கூட்டலும் கழித்தலும் வரும் இடத்தில்தான் பெரும்பாலும் வித்தியாசம் தலைகாட்டும்.

கடைசியாக, ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், 50 இணைப்புகள். எல்லாவற்றையும் ஒரே கணத்தில் அவிழ்த்துவிடுங்கள். சரியாக ஒன்று வெல்ல வேண்டும், 49க்கும் தெளிவான மறுப்பு போக வேண்டும், ஒன்றுகூடத் தொங்கி நிற்கக் கூடாது. எண்ணிக்கைப் பொருளுக்கு 10 நாற்காலி மட்டும் வைத்து, 50 இணைப்பும் தலைக்கு ஒரு நாற்காலி கேட்கட்டும், 10 வெல்ல வேண்டும். இதை நிஜ டேட்டாபேசின் மேல் ஓட்டுங்கள். நினைவகத்தில் ஓடும் போலி டேட்டாபேசில் பூட்டு இதே மாதிரி நடந்துகொள்ளாது. ஒவ்வொரு முறை நிரலை மாற்றும்போதும் இது தானாக ஓடும்படி அமைத்து, அது தேறிப் பச்சையாகாமல் எந்தப் பதிப்பையும் மண்டபத்து ஆபீசுக்கு அனுப்பாதீர்கள்.